செட்லர் வரவில்லை, நகரம் வளரவில்லை: சிவிலைசேஷன் 6, முதல் நூறு டர்ன்களின் கோளாறுகள்

சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டைப் புதிதாக ஆடத் தொடங்கிய நண்பர்கள் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்களில் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். அறுபதாவது டர்ன் (ஆட்டத்தின் ஒரு முறை). தலைநகரத்தில் மக்கள்தொகை நான்கு. இரண்டாவது நகரம் இரண்டிலேயே நிற்கிறது. மூன்றாவது நகரத்துக்கான செட்லர், அதாவது புது நகரம் அமைக்கப் போகும் குடியேறி, இன்னும் பதினாலு டர்ன் என்று காட்டுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் பக்கத்து நாட்டுக்காரன் ஐந்து நகரங்களோடு உட்கார்ந்திருக்கிறான். கூடவே ஒரு வரி: "சாப்பாடு நிறைய இருக்கு, ஆனா ஊர் வளரவே மாட்டேங்குது."

அந்த வரியில்தான் கோளாறு ஒளிந்திருக்கிறது. வளர்ச்சி நின்றதும் கை தானாக உணவைக் கூட்டப் போகிறது. இன்னொரு பண்ணை, அதன் பக்கத்தில் இன்னொரு பண்ணை. ஆனால் ஆரம்ப கட்டத்தில் நகரத்தைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் உணவுக் குறை இல்லை, வேறொரு பிரேக். எந்த பிரேக் பிடித்திருக்கிறது என்று பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் டர்ன்கள்தான் கரையும். அதனால் இங்கே ஒவ்வொரு கோளாறையும் திரையில் தெரியும் அறிகுறியிலிருந்து பிடிக்கிறேன்.

எண்கள் எல்லாம் ஸ்டாண்டர்ட் வேகத்துக்கானவை. ரைஸ் அண்ட் ஃபால் (2018), கேதரிங் ஸ்டார்ம் (2019) என்ற கூடுதல் தொகுப்புகள் இரண்டும் நிறுவப்பட்டிருப்பதாக எடுத்துக்கொள்கிறேன். ஆன்லைன் வேகத்தில் செலவுகள் பாதியாகும், மாரத்தானில் மூன்று மடங்காகும். 2025-இல் வந்த ஏழாம் பாகத்தில் சோழர்களையே எடுத்து ஆடலாம், அதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. ஆனால் அங்கே புதுக் குடியிருப்பு முதலில் சிற்றூராகத்தான் பிறக்கிறது. விதிகள் வேறு, இந்தக் கணக்கு அங்கே பொருந்தாது.

எதையும் மாற்றுவதற்கு முன்

நகரத்தைச் சொடுக்கி அதன் விவரப் பலகையைத் திறந்து, மக்கள் வளர்ச்சியைக் காட்டும் பகுதிக்குப் போங்கள். அங்கே மளிகைக் கடை ரசீது போல ஒரு கணக்கு மேலிருந்து கீழாக ஓடும். விளைந்த உணவு, மக்கள் சாப்பிட்டது, மிச்சம், அமெனிட்டியால் (மக்களை மகிழ்ச்சியாக வைக்கும் வசதி) கூடியது அல்லது குறைந்தது, அதன் பிறகு ஹவுசிங் (மக்கள் தங்க இடம்) பெருக்கல், கடைசியில் கூடைக்குள் உண்மையாக விழும் உணவு. பலரும் முதல் வரியைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். கடைசி மூன்று வரிகளைப் படியுங்கள். அங்கே மிச்சம் பாதியாகவோ காலாகவோ சுருங்கியிருந்தால் உங்கள் நோய் உணவு இல்லை.

இரண்டு கணக்குகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு டர்னுக்கு 2 உணவு சாப்பாட்டுக்கே போய்விடும். அதற்கு மேல் மிஞ்சுவது கூடையில் சேரும். 1-லிருந்து 2 ஆக 15 உணவு வேண்டும், 2-லிருந்து 3 ஆக 24, 3-லிருந்து 4 ஆக 33, 4-லிருந்து 5 ஆக 44. டர்னுக்கு 3 மிஞ்சுகிறது என்றால் முதல் படி 5 டர்ன், அடுத்தது 8, அதற்கடுத்தது 11. இதற்கு மேல் இழுத்தால் எங்கோ பிரேக் பிடித்திருக்கிறது.

அறிகுறி: நகரம் 2 அல்லது 3-இல் நின்றுவிட்டது

நான் பார்த்த புகார்களில் பெரும்பகுதி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்க்கிறேன்.

முதலில் நகரத்தின் ஹவுசிங் எண்ணையும் மக்கள்தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஹவுசிங் குறைந்தது இரண்டு அதிகமாக இருந்தால் வளர்ச்சி முழு வேகம். ஒன்றுதான் அதிகம் என்றால் மிஞ்சும் உணவில் பாதிதான் கூடைக்குப் போகும். இரண்டும் சமமாகிவிட்டால் கால் பங்கு. மக்கள்தொகை ஹவுசிங்கை ஐந்து தாண்டினால் ஒன்றுமே போகாது.

இனி நகரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஆறு, ஏரி, பாலைவனச் சோலை ஆகியவற்றை ஒட்டியிருந்தால் ஆரம்ப ஹவுசிங் 5. கடலோரம் மட்டும் என்றால் 3. எந்தத் தண்ணீரும் இல்லை என்றால் 2. தலைநகரத்துக்கு மட்டும் அரண்மனை ஒன்று கூட்டித் தரும்.

தண்ணீரில்லாத நகரத்தின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறக்கும்போது மக்கள்தொகை 1, ஹவுசிங் 2. வித்தியாசம் ஒன்றுதான். பிறந்த டர்னிலேயே அது பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. இரண்டு பேர் ஆனதும் கால் வேகம். டர்னுக்கு 3 மிஞ்சினாலும் கூடைக்குப் போவது முக்கால். 24 உணவு சேர 32 டர்ன். அந்த நகரத்தில் எவ்வளவு பண்ணை உணவு கொட்டினாலும் நான்கில் மூன்று பங்கு காற்றில் போகிறது. கடலோர நகரம் முதல் படியை மட்டும் முழு வேகத்தில் ஏறும், இரண்டு பேரானதும் பாதியாகும். ஆற்றங்கரை நகரம் நான்கு பேர் ஆகும் வரை தடையே இல்லாமல் ஓடும். ஒரே அளவு உணவு, மூன்று விதமான நகரங்கள்.

ஆகவே மருந்தை நகரம் அமைக்கும் முன்பே கொடுக்க வேண்டும். செட்லரைத் தேர்ந்தெடுத்ததும் வரைபடம் நிறம் மாறும். அடர்பச்சை என்றால் நன்னீர், இளம்பச்சை என்றால் கடலோரம், சாம்பல் என்றால் தண்ணீர் இல்லை, சிவப்பில் நகரம் அமைக்க முடியாது. அடர்பச்சைக் கட்டம் இரண்டு டர்ன் தொலைவில் இருந்தால் நடங்கள். முதல் செட்லருக்கும் இதையே சொல்வேன். முதல் டர்னிலேயே நகரம் அமைக்க வேண்டும் என்ற அவசரத்தில் தண்ணீரில்லாத இடத்தில் தலைநகரத்தை நட்டுவிட்டு, ஆட்டம் முழுக்க அதன் கடனைக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஏற்கெனவே நட்டாகிவிட்டதா? அப்படியானால் வரிசையாகச் செய்யுங்கள். பண்ணை, மேய்ச்சல் நிலம், தோட்டம், வேட்டை முகாம், மீன்பிடிப் படகு ஒவ்வொன்றும் அரை ஹவுசிங் தரும், இரண்டு சேர்ந்தால் ஒன்று. சுரங்கமும் கல்குவாரியும் தராது. இந்த நிலையில் பண்ணையை உணவுக்காகப் போடாதீர்கள், வீட்டுக்காகப் போடுங்கள். அந்தக் கட்டத்தில் யாரும் வேலை செய்யாவிட்டாலும் ஹவுசிங் கிடைத்துவிடும். அடுத்தது கிரானரி என்ற தானியக் களஞ்சியம்: 65 உற்பத்தி, 2 ஹவுசிங், 1 உணவு. தண்ணீரில்லாத நகரத்தில் நான் முதலில் கட்டுவது அதையே. பிறகு எஞ்சினியரிங் தொழில்நுட்பம் வந்ததும் அக்வடக்ட் என்ற நீர்க்கால்வாய். நகர மையத்தை ஒட்டியும், ஆறு, ஏரி, சோலை, மலை இவற்றில் ஒன்றை ஒட்டியும் ஒரு கட்டம் இருந்தால், தண்ணீரில்லாத நகரத்தின் நீர்வழி ஹவுசிங்கை அது 6 வரை உயர்த்திவிடும். மலையடிவாரத்தில் அமைத்த வறண்ட நகரங்களுக்கு இது மறுபிறவி.

ஹவுசிங் இடிக்கும் நகரத்தில் உணவுக் கட்டங்களில் வேலை செய்பவர்களை உடனே உற்பத்திக் கட்டங்களுக்கு மாற்றுங்கள். இது பலர் கவனிக்காத வைத்தியம். மக்களை நிர்வகிக்கும் பார்வையில் கட்டத்தைச் சொடுக்கிப் பூட்டிவிடலாம். இன்னொன்றும் உண்டு. ஹவுசிங் இடிக்கும் நகரம்தான் செட்லர் செய்ய ஆகச் சிறந்த இடம். செட்லர் முடிந்ததும் ஒரு தலை குறையும். நான்கு பேரோடு பாதி வேகத்தில் திணறிய ஆற்றங்கரை நகரம் மூன்றுக்கு இறங்கி மறுபடி முழு வேகத்தில் ஓடும். இழந்த ஆளை அது 33 உணவில் திரும்பப் பெற்றுவிடும். வீட்டில் இடமில்லாத பிள்ளையைத் தனிக்குடித்தனம் அனுப்புவது போலத்தான்.

ஹவுசிங் சரியாக இருந்தும் கணக்கில் குறைவு தெரிந்தால் அமெனிட்டி வரியைப் பாருங்கள். முதல் இரண்டு பேருக்கு எதுவும் வேண்டாம். மூன்றாவது ஆளுக்கு ஒன்று, ஐந்தாவது ஆளுக்கு இரண்டாவது என்று போகும். ஒரு ஆடம்பரப் பொருள் நான்கு நகரங்களுக்கு மட்டும் ஆளுக்கொரு அமெனிட்டி தரும். ஐந்தாவது நகரம் அமைத்ததும் திடீரென்று முகம் சுளிப்பது இதனால்தான். அதே பொருளின் இரண்டாவது பிரதி இங்கே உதவாது. இரண்டு இடத்தில் பட்டு இருந்தால் ஒன்றைப் பக்கத்து நாட்டிடம் கொடுத்து அவனுடைய வேறொரு பொருளை வாங்குங்கள். இரண்டும் பட்டாகவே வைத்திருந்தால் ஒன்று சும்மா கிடக்கும்.

இரண்டும் சரி என்றால்தான் உண்மையான உணவுக் குறை. அப்போது எந்தக் கட்டத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்று பாருங்கள். 2 உணவுக்குக் குறைந்த கட்டம் தன்னில் வேலை செய்பவனின் வாய்க்கும் வயிற்றுக்கும்கூடப் போதாது. புல்வெளிக் குன்றில் காடு இருந்தால் 2 உணவு, 2 உற்பத்தி. ஆரம்பத்தில் அதைவிட நல்ல சாதாரணக் கட்டம் இல்லை. அந்த ஆள் தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொண்டு 2 உற்பத்தியும் தருகிறான்.

அறிகுறி: செட்லர் 15 டர்னுக்கு மேல் காட்டுகிறது

முதல் செட்லர் 80 உற்பத்தி. ஒவ்வொன்று செய்து முடித்ததும் அடுத்தது 30 கூடும்: 110, 140, 170. நகரம் 5 உற்பத்தி தந்தால் முதல் செட்லருக்கே 16 டர்ன். 8 தந்தால் 10. ஆக, முதல் வேலை உற்பத்தியை 8-க்குக் கொண்டுவருவது. மேலே சொன்ன குன்றுகளும் காடுகளும் அதற்குத்தான். செட்லர் செய்யும்போதும் இந்த ஆட்டத்தில் நகரம் வளர்ந்துகொண்டேதான் இருக்கும். நான்காம் பாகத்தில் அப்படி இல்லை, உணவும் செட்லருக்குள் போகும். அந்த நினைவில் இருப்பவர்கள் இங்கேயும் உணவுக் கட்டங்களைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். விடுங்கள்.

அடுத்து கொலனைசேஷன் என்ற கொள்கை அட்டை. செட்லருக்கான உற்பத்தியில் 50% கூட்டும். 8 உற்பத்தி 12 ஆகும், 10 டர்ன் 7 ஆகும். ஏர்லி எம்பயர் என்ற சிவிக்கில் (கலாச்சாரத்தால் எட்டும் சமூக முன்னேற்றம்) இந்த அட்டை திறக்கும். எல்லா நகரங்களிலும் சேர்த்து மக்கள்தொகை 6-ஐத் தொட்டால் அந்த சிவிக் பாதி வழியை நெருங்கிவிடும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. செட்லர் ஒரு தலையைக் குறைப்பதால், 6-ஐத் தொடும் நேரத்தில் அவசரமாகச் செட்லரை முடித்தால் 5-க்கு இறங்கிவிடுவீர்கள். ஒரு டர்ன் பொறுத்துத் தொட்டுவிடுங்கள். ஒருமுறை தொட்டால் போதும், பிறகு குறைந்தாலும் பலன் போகாது.

என் வழக்கம்: தலைநகரத்தில் ஸ்கவுட் (வேவுக்காரன்), ஸ்லிங்கர் (கவண்வீரன்), முதல் செட்லர், பிறகு பில்டர் (நிலத்தை மேம்படுத்தும் தொழிலாளி). ஏர்லி எம்பயர் முடியும் டர்னில் அட்டையை மாற்றிக்கொண்டு, அதன்பின் இரண்டு மூன்று செட்லர்களைக் கொத்தாகச் செய்வது. சிவிக் முடியும் டர்னில் அட்டை மாற்றக் காசு கேட்காது. செட்லர் அலை முடிந்ததும் அட்டையை எடுத்துவிடுங்கள். சும்மா இருக்கும் கொலனைசேஷன் அட்டை ஒரு பொருளாதார இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும்.

பில்டர் மூன்று முறை வேலை செய்வான். அதில் ஒன்றை நகரத்தின் அருகே உள்ள காட்டை வெட்ட ஒதுக்கலாம், மைனிங் தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டும். செட்லர் வரிசையில் இருக்கும்போது வெட்டினால் அந்த உற்பத்தி மொத்தமாக அதில் விழும், அட்டையின் 50 சதவீதமும் சேரும். ஆனால் 2 உணவு, 2 உற்பத்தி தரும் குன்றுக் காட்டை வெட்டாதீர்கள். சமவெளிக் காட்டை எடுங்கள்.

காசு இருந்தால் வாங்கவும் செய்யலாம். உற்பத்திக்கு நான்கு மடங்கு தங்கம், முதல் செட்லர் 320. உபரி ஆடம்பரப் பொருட்களை விற்றே இந்தத் தொகையைத் திரட்டிவிடலாம். முதல் இருபது டர்னில் சந்தித்த நாடுகளிடம் பேரம் பேசிப் பார்ப்பதைப் பலர் மறந்தேவிடுகிறார்கள்.

செட்லர் பொத்தானே மங்கலாக இருந்தால் நகரத்தில் ஒருவர்தான் இருக்கிறார். 2 ஆகும் வரை செய்ய முடியாது. இந்தத் தலைக்கணக்கே தொல்லை என்றால் கவர்னர் (நகரத்தில் அமர்த்தும் நிர்வாகி) மேக்னஸை எடுத்து, அடுத்த பட்டத்தில் (கவர்னரை எடுக்கவோ உயர்த்தவோ கிடைக்கும் வாய்ப்பு) ப்ரொவிஷன் பதவியைக் கொடுங்கள். அவர் இருக்கும் நகரத்தில் செட்லர் செய்தால் மக்கள்தொகை குறையாது. ஏர்லி எம்பயர், ஸ்டேட் வொர்க்ஃபோர்ஸ் என்ற சிவிக்குகள் ஆளுக்கொரு பட்டம் தருவதால் இது ஆரம்பத்திலேயே கைகூடும்.

உற்பத்தி இருந்தும் செட்லர் வராததற்கு இன்னொரு காரணம் உலக அதிசயக் கட்டடங்கள். ஸ்டோன்ஹெஞ்ச் 180 உற்பத்தி. முதல் இரண்டு செட்லர்கள் சேர்ந்து 190. ஒரு கல்வட்டமா, இரண்டு நகரங்களா என்று நேராகக் கேட்டுப் பாருங்கள். ஸ்டோன்ஹெஞ்சை வேறொருவன் முந்திக் கட்டிவிடும் அபாயமும் இருக்கிறது. நாற்பதாவது டர்னுக்கு முன் அதிசயம் கட்டாதீர்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அறிகுறி: செட்லர் போய்ச் சேர்வதற்குள் இடம் போய்விட்டது

பொதுவாக இதன் வேர் வரிசைத் தவறு. முதல் செட்லரைப் பாதுகாப்பான பின்பக்கத்துக்கு அனுப்பிவிட்டு, எல்லைப் பக்கத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டிருப்பீர்கள். திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் எங்கும் ஓடிப்போகாது. பக்கத்து நாட்டை நோக்கிய இடத்தை முதலில் பிடியுங்கள், ஆனால் அவன் வாசற்படியில் இல்லை. அது ஏன் என்று கீழே லாயல்டி (நகரத்தின் விசுவாசம்) பகுதியில் வரும்.

அதிகக் கடின நிலையில் ஆடினால் அவசரம் இன்னும் கூடும். உச்ச நிலையான டெய்ட்டியில் கணினி ஆடும் நாடுகள் மூன்று செட்லர்களோடும் ஐந்து வாரியர்களோடும் தொடங்குகின்றன. நீங்கள் முதல் செட்லரை முடிக்கும்போது அவனுக்கு மூன்று நகரங்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

நடைக் கணக்கையும் பாருங்கள். செட்லருக்கு 2 நகர்வுப் புள்ளி. குன்றோ காடோ ஏற 2 வேண்டும், மிச்சம் 1 இருந்தால் ஏற முடியாது. ஐந்து கட்டம் தூரம் தெரிவது மலைநாட்டில் ஐந்து டர்ன். பாதையைச் சமவெளியில் வளைத்து வையுங்கள்.

இடம் சிவப்பாகவே இருக்கிறது என்றால் வேறொரு நகரத்துக்கு மிக அருகில் இருக்கிறீர்கள். இரண்டு நகர மையங்களுக்கு நடுவே குறைந்தது மூன்று கட்டங்கள் வேண்டும். அது நகர அரசுகளுக்கும் பொருந்தும்.

ஐந்தாம் பாகத்திலிருந்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு தனி வார்த்தை. அங்கே ஒவ்வொரு நகரமும் நாடு முழுவதன் மகிழ்ச்சியைக் குறைக்கும், அறிவியல் செலவைக் கூட்டும். நான்கு நகரத்தோடு நிறுத்துவது அங்கே புத்திசாலித்தனம். அதே கையோடு ஆறாம் பாகத்தில் நகரங்களை ஏழெட்டுக் கட்டம் தள்ளித் தள்ளி வைத்தால் நடுவில் இடைவெளி விழும், அங்கே வேறொருவன் நுழைவான். இங்கே நெருக்கமாக நடுங்கள், நான்கு முதல் ஆறு கட்ட இடைவெளி போதும். ஒரு நகரம் மூன்று வளையத்தில் 36 கட்டங்களைக் கையாளலாம். பத்துப் பேர் உள்ள நகரம் அதில் மூன்றில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. நிலம் பகிர்ந்துகொள்வதால் நஷ்டமே இல்லை.

அறிகுறி: பார்பேரியன்கள் (எந்த நாட்டையும் சேராத கொள்ளையர்) செட்லரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்

எனக்கு இது நடந்தது ஒரு ஜப்பான் ஆட்டத்தில். மூன்றாவது செட்லர், தனியாக, காட்டோரம். குதிரைவீரன் ஒருவன் இருட்டிலிருந்து வந்து ஒரே டர்னில் கொண்டுபோனான். 140 உற்பத்தியும் ஒரு தலையும். அன்றிலிருந்து என் செட்லர் எதுவும் துணையில்லாமல் நகர்ந்ததில்லை.

துணை என்றால் பக்கத்தில் நடப்பது இல்லை. வாரியரும் செட்லரும் ஒரே கட்டத்தில் நின்றதும் பாதுகாப்பு அணி சேர்க்கும் பொத்தான் வரும். அதை அழுத்தினால் இருவரும் ஒன்றாக நகர்வார்கள். பறிபோனால் கைவிட்டுவிடாதீர்கள். ஐந்தாம் பாகத்தில் பிடிபட்ட செட்லர் தொழிலாளியாக மாறிவிடுவான், இங்கே செட்லராகவே இருப்பான். பிடித்தவர்கள் அவனை முகாமுக்குக் கூட்டிப்போவார்கள். முகாமை அடித்தால் செட்லரும் திரும்பும், தங்கமும் கிடைக்கும்.

வருமுன் காப்பதற்கு இரண்டு காரியம். பார்பேரியன் ஸ்கவுட் உங்கள் நகரத்தைப் பார்த்துவிட்டு முகாமுக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் படை கிளம்பும். அவன் தலைக்கு மேல் சிவப்பு ஆச்சரியக்குறி தெரிந்தால் நகரத்தைப் பார்த்துவிட்டான் என்று பொருள். அவனுக்கு 3 நகர்வு, உங்கள் வாரியருக்கு 2. பின்னால் துரத்திப் பலனில்லை. அவன் திரும்பும் வழியில், முகாமுக்கும் நகரத்துக்கும் நடுவில் ஸ்லிங்கரை நிறுத்துங்கள். ஸ்லிங்கரால் ஒருவனை வீழ்த்தினால் ஆர்ச்சரி (வில்வித்தை) தொழில்நுட்பத்துக்கும் ஊக்கம் கிடைக்கும். இரண்டாவது காரியம்: யார் பார்வையிலும் இல்லாத கட்டங்களில்தான் புது முகாம்கள் முளைக்கும். நீங்கள் நகரம் அமைக்க நினைக்கும் பகுதியில் ஒரு குன்றின் மேல் ஒரு வாரியரை நிறுத்திவைத்தால் கண்ணுக்கெட்டிய தூரம் முகாம் வராது. ஸ்கவுட் உலகம் சுற்றி முடித்த பிறகு அவனுக்கும் இதுதான் வேலை.

அறிகுறி: புது நகரத்தின் லாயல்டி ஒவ்வொரு டர்னும் இறங்குகிறது

நகரம் 100-இல் தொடங்கும். சுற்றி 9 கட்டத்துக்குள் உள்ள எல்லா மக்களும் தங்கள் பக்கம் இழுப்பார்கள். ஒவ்வொரு கட்டம் தள்ளிப் போகும்போதும் அந்த இழுப்பு 10% குறையும். டர்னுக்கு 10 இறங்கினால் பத்து டர்னில் நகரம் கைவிட்டுப் போய்ச் சுதந்திர நகரமாகிவிடும். உச்சபட்ச இறக்கமான 20 என்றால் ஐந்தே டர்ன்.

எதிரியின் எட்டுப் பேர் கொண்ட தலைநகரத்துக்கு நான்கு கட்டம் தள்ளி ஒரு தனி நகரத்தை நடுவதுதான் அகலக்கால் வைப்பது. நடுவதற்கு முன் செட்லரின் வரைபடத்தில் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தால் லாயல்டி எப்படிப் போகும் என்று தெரியும். சிறிய இறக்கம் என்றால் சமாளிக்கலாம். கவர்னரை அங்கே அமர்த்துங்கள், டர்னுக்கு 8 கூடும். லிமிடானே அட்டையைப் போட்டு ஒரு படைவீரனை நகரத்துக்குள் நிறுத்தினால் இன்னும் 2. அடுத்த செட்லரை அதன் பக்கத்திலேயே நடுங்கள். இரண்டு நகரங்கள் ஒன்றையொன்று தாங்கும். மக்கள்தொகைதான் இழுக்கிறது என்பதால் இங்கே மட்டும் உணவுக்கு முதலிடம் கொடுக்கலாம்.

இறக்கம் 15-க்கு மேல் காட்டினால் நடாதீர்கள். செட்லரைத் திருப்பிக் கூட்டிவாருங்கள். அதே விதி உங்களுக்கும் வேலை செய்யும். உங்கள் எல்லைக்குள் மூக்கை நீட்டி நகரம் அமைத்த பக்கத்து நாட்டுக்காரனைப் போர் தொடுக்காமலே காத்திருந்து வாங்கிவிடலாம், சுற்றி உங்கள் நகரங்கள் நெருக்கமாக வளர்ந்திருந்தால்.

அறிகுறி: எல்லை வேண்டாத திசையில் விரிகிறது

கலாச்சாரம்தான் எல்லையை நகர்த்துகிறது, எந்தக் கட்டம் என்பதை ஆட்டம் முடிவு செய்யும். மான்யுமெண்டை (கலாச்சாரம் தரும் நினைவுச்சின்னம்) முதலில் கட்டினால் வேகம் கூடும், ஆனால் திசை உங்கள் கையில் இல்லை. வேண்டிய கட்டத்தைத் தங்கம் கொடுத்து வாங்குங்கள், நகரத்திலிருந்து மூன்று கட்டத்துக்குள் இருந்தால் முடியும். ஆடம்பரப் பொருள் உள்ள கட்டம் என்றால் தயங்காதீர்கள். ரோமானியர்களின் டிராஜனை எடுத்துப் பழகினால் இந்தத் தொல்லை குறையும், ஆரம்ப யுகத்தில் அவருடைய நகரங்கள் மான்யுமெண்டோடு பிறக்கும். முதல் சில ஆட்டங்களுக்கு நான் அவரைத்தான் பரிந்துரைப்பேன்.

அறிகுறி: ஆறு நகரம் இருக்கிறது, ஆனாலும் பின்தங்கியே இருக்கிறேன்

நகரங்களை நட்டுவிட்டு அவற்றுக்கு வேலை கொடுக்க மறந்துவிட்டீர்கள். ஒவ்வொரு நகரத்தையும் திறந்து டிஸ்ட்ரிக்ட் (ஒரு வேலைக்கென்று ஒதுக்கிய சிறப்புப் பகுதி) ஒன்றாவது இருக்கிறதா என்று பாருங்கள். முதல் டிஸ்ட்ரிக்டுக்கு மக்கள்தொகை 1 போதும். இரண்டாவதற்கு 4, மூன்றாவதற்கு 7. அக்வடக்ட் இந்தக் கணக்கில் வராது. ஆக, மூன்றில் நிற்கும் நகரம்கூட அறிவியலுக்கு ஒரு கேம்பஸையோ தங்கத்துக்கு ஒரு கமர்ஷியல் ஹப்பையோ வைத்துக்கொள்ளலாம். சிறிய நகரம் பயனற்றது என்ற எண்ணம் இங்கேதான் உடைய வேண்டும்.

நீங்கள் கண்டுபிடிப்புகளில் முன்னேற முன்னேற டிஸ்ட்ரிக்டின் விலை ஏறிக்கொண்டே போகும். ஆனால் கட்டத்தில் இடம் குறித்து வைத்த டர்னில் விலை பூட்டப்பட்டுவிடும். அதனால் புது நகரம் பிறந்ததும் டிஸ்ட்ரிக்ட் இடத்தைக் குறித்துவிட்டு, பிறகு வரிசையை மாற்றி மான்யுமெண்டையோ கிரானரியையோ கட்டுங்கள். நாற்பது டர்ன் கழித்துத் திரும்பி வரும்போதும் பழைய விலைதான்.

கடைசியாக, முதல் வணிகப் பாதை. ஃபாரின் ட்ரேட் சிவிக் அதைத் தரும். வெளிநாட்டுக்கு அனுப்பினால் தங்கம் வரும் என்று எல்லோரும் வெளியே அனுப்புகிறார்கள். ஆரம்பத்தில், புதிதாக நட்ட பலவீனமான நகரத்திலிருந்து உங்கள் தலைநகரத்துக்கே அனுப்புங்கள். கிளம்பும் நகரத்துக்கு உணவும் உற்பத்தியும் சேரும், போகும் வழியெல்லாம் சாலையும் போட்டுக்கொண்டே போகும். அடுத்த செட்லர் அந்தச் சாலையிலேயே நடக்கலாம்.